வெளியே என்று காட்டிய கைகள்

அந்தப் பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்ற சண்டை எங்கள் கவுண்டியில், அதாவது எங்கள் மாவட்டத்தில், இன்றைக்கும் ஓயவில்லை. ஆட்டத்துக்கு வராதவன்தான் அதிகம் கத்துகிறான். நான் வந்திருந்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து பார்த்தால் எந்தப் பந்தும் எங்கே போகிறது என்று தெரியாது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வீசி "வெளியே" என்று காட்டிய மனிதரோடு மட்டும் இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அதனால் அவர் கதையை நான் சொல்வதுதான் முறை.

ஜார்லத் கில்ரேன் எங்கள் டவுன் மாட்டுச் சந்தையில் எடை பார்க்கிறவர். செவ்வாய்க்கிழமைதோறும் மாடுகள் ஒவ்வொன்றாக எடைமேடையில் ஏறும். அவர் பார்த்து மைக்கில் கிலோவைச் சொல்வார், அதற்குப் பிறகுதான் ஏலம் தொடங்கும். "இன்னொரு தடவை நிறுத்துப் பாருப்பா" என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் உண்மை, இல்லாவிட்டால் மௌனம், அவ்வளவுதான் அவர். கல்யாணத்தன்று சர்ச் வாசலில் வைத்து, கவுன் எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். "தோள்பட்டையில கொஞ்சம் பிடிக்குது" என்றார். கேக் வெட்டும் வரை நான் அவரோடு பேசவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு ஃபின்டன் கால்பந்து நடுவர். எங்கள் ஊர்க் கால்பந்தில் பந்தைக் கையிலும் பிடிக்கலாம், ஆனால் நாலு எட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. எங்கள் ஆட்டத்தில் நடுவர்தான் தன் நான்கு அம்பயர்களையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும், அதனால் யாருக்கு யார் வாய்த்தார்களோ அவர்கள்தான் அம்பயர். ஃபின்டனுக்கு ஒரு தம்பி, இரண்டு சித்தப்பா மகன்கள், பிறகு என் கணவர். பதினேழு வருஷமாக இந்த ஐந்து தடியர்களும் ஒரே காரில் நெருக்கியடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கம்பத்துக்கு ஒருவராக வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பந்து வலைக்குள் போனால் பச்சைக் கொடி, மூன்று பாயிண்ட். குறுக்குக் கட்டைக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் போனால் வெள்ளைக் கொடி, ஒரு பாயிண்ட். அந்தக் கோட்டைத் தோய்த்து இஸ்திரி போட்டது நான். கூலி என்று எதுவும் கிடையாது, ஆட்டம் முடிந்ததும் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. திட்டு வேண்டிய மட்டும் கிடைக்கும்.

அந்த வருஷம் இறுதி ஆட்டம் கில்மோராவுக்கும் பாலிகெரினுக்கும். பாலிகெரின் நான் பிறந்த ஊர். அணிக்கு மேனேஜர் என் அண்ணன் மலக்கி. ஆடுகிறவர்களில் ஒருவன் அண்ணன் மகன் கிலியன், இருபத்து நாலு வயது, எலக்ட்ரீஷியன். எங்கள் ஊர் கோப்பையைத் தொட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஃபின்டன் எங்கள் கேட்டருகே வந்து நின்றார்.

"ஜார்லத், உன் பொண்டாட்டி டிம்ப்னா ஊர் ஆடுது. வேணாம்னா இந்தத் தடவை ஒதுங்கிக்கோ. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"ஒதுங்கினா என் மேல எனக்கே சந்தேகம்னு ஆகாதா?" என்றார் இவர்.

"உன் மேல யாருக்குய்யா சந்தேகம்? வாயிருக்கேன்னு பேசுவானுங்க, அதுக்குத்தான் சொல்றேன்."

"பேசறவன் பேசட்டும். நான் வர்றேன்."

சொந்தபந்தம் இல்லாத அம்பயர் வேண்டும் என்றால் எங்கள் கவுண்டியில் கடலைத் தாண்டித்தான் ஆள் பிடிக்கவேண்டும். ஆகவே நானும் வாயை மூடிக்கொண்டு கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். அப்போதே அதை அடுப்பில் போட்டிருக்கலாம்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முதல் பாதியில் எங்கள் பையன்கள் கால் எது கை எது என்று தெரியாமல் ஓடினார்கள். இரண்டாவது பாதியில் மலக்கி கிலியனை இறக்கினான், அதற்குப் பிறகு உயிர் வந்தது. கடைசி நிமிஷத்தில் கில்மோரா பன்னிரண்டு, நாங்கள் பதினொன்று. நாற்பது மீட்டர் தூரத்தில் கிலியன் கையில் பந்து. அடித்தான். பந்து கம்பத்தின் உச்சிக்கும் மேலே ஏறிப் போனது. அப்படி உயரமாகப் போனால் கம்பத்தடியில் நிற்கிற அம்பயர் கண்தான் சாட்சி. எதிர்க் கம்பத்து ஆள் ஜார்லத்தைப் பார்த்தார். ஜார்லத் கைகளை மேலே தூக்கிக் குறுக்காக வீசினார். ஃபின்டன் விசில் ஊதினார். கில்மோராக்காரர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள், நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

அம்பயர்கள் டவுனிலேயே ஹோட்டலில் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் பிறந்த ஊரின் துக்கத்தைக் கேட்க பாலிகெரின் பப்புக்குப் போனேன். என்னைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய ஊர் என்றாலும் தோற்ற அன்று போகாமல் இருக்க முடியுமா? மாலை ஆறு மணிக்கே உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆளாளுக்கு ஒரு ரெஃப்ரி ஆகியிருந்தார்கள். டோலன் என்று ஒரு பெரியவர், முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தின அணியில் ஆடியவர், அதைச் சொல்லாமல் ஒரு மடக்குக் குடிக்கமாட்டார். அவர்தான் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபின்டனுக்கு வாட்ச் ஓடலையா? இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சு!"

"நம்ம ஆளைக் கழுத்தைப் பிடிச்சு இழுத்தான். பெனால்டி கொடுத்தானா?"

"அதை விடு. கில்மோராக்காரன் அஞ்சு எட்டு பந்தைத் தூக்கிட்டு ஓடறான், இவன் வேடிக்கை பாக்கறான்!"

"அந்த ஜார்லத் யாரு? அவங்கம்மா பிறந்தது கில்மோரா எல்லையில தானே?" என்றார் டோலன். "தானாடாட்டியும் தன் சதை ஆடும்."

எனக்கு வந்ததே கோபம்!

"அவர் மாமியார் வீடு எந்த ஊர்னு மறந்துபோச்சா, டோலன்? சதை ஆடறதுன்னா இந்தப் பக்கம்தானே ஆடணும்? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பதினாலு பந்தை நீங்களே வெளிய அடிச்சீங்க. அம்பயர் கை வீசினதை எண்ணிட்டுதான் இருந்தேன்."

கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. பேச்சு நடுவரை விட்டு அணி பக்கம் திரும்பியது, அதுதான் வினையாகிவிட்டது.

"சரி, ரெஃப்ரியை விடு" என்றார் டோலன். "மலக்கி, உன் பையனை முதல் பாதி முழுக்க பெஞ்சுல உக்கார வெச்சது யாரு? அவனை முதல்லயே இறக்கியிருந்தா அந்தக் கடைசிப் பந்தே தேவைப்பட்டிருக்காதே?"

"முதல்லயே இறக்கியிருந்தா, அப்பன் பிள்ளைக்குச் சீட்டுப் பிடிக்கிறான்னு சொல்லியிருப்பே" என்றான் மலக்கி. வருஷம் பூராவும் அப்படித்தான் செய்திருந்தான். மற்ற பையன் நன்றாக ஆடினால் இடம் உண்டு. கிலியன் மற்றவனை விட இரண்டு மடங்கு நன்றாக ஆடினால்தான் உண்டு.

கிலியன் கண்ணாடி டம்ளரைக் கவுண்டரில் வைத்தான். "அப்பா, அந்தப் பந்து உள்ளதான் போச்சு. அடிச்ச எனக்குத் தெரியாதா?"

"உங்க மாமா வெளியேன்னு சொன்னா வெளியேதான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஆமா" என்றான் மலக்கி. ஊரே கேட்டது. "பக்கத்துல ஒருத்தன் தனியா நின்னான். அவனுக்குக் கொடுத்திருந்தா லேசான பாயிண்ட். உனக்குப் பேர் வாங்கணும், நீயே அடிச்சே. தப்பா அடிச்சே. இப்ப பழியைத் தூக்கி இந்தக் கவுண்டியிலேயே நேர்மையான மனுஷன் மேல போடறே. ஆம்பளையா ஒத்துக்கோ."

கிலியன் முகம் வெளுத்துப்போனது. கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் வெளியே நடந்தான். என் கணவரின் நேர்மைக்கு என் அண்ணன் கொடுத்த சான்று அது. உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சந்தை. அங்கே கேன்டீன் என்னுடையது, சூப், சாண்ட்விச், டீ. கில்மோராக்காரர்கள் வரிசையாக வந்து இவர் முதுகைத் தட்டினார்கள். "சொந்த மருமகனுக்கே கொடியைத் தூக்கலையே! மனுஷன்னா நீதான்யா" என்றான் ஒருவன். இன்னொருவன் தொப்பியைக் கழற்றினான். பாலிகெரின்காரர்களும் முறைத்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் நியாயஸ்தன்" என்றார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இவர் தோள் ஒரு அங்குலம் இறங்கியதைப் பார்த்தேன். மூன்று மணிக்கு சந்தை காலியானது. கேன்டீன் மேஜையில் வந்து உட்கார்ந்தார். சூப் ஆடை கட்டுகிறவரை அதைத் தொடவில்லை.

"டிம்ப்னா. அது உள்ளதான் போச்சு."

நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்தேன். "எது?"

"கிலியன் பந்து."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியும்." கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் காலைத் தூக்கினப்பவே ஒண்ணுதான் மனசுல ஓடிச்சு. ஐயோ, இது நம்ம பையன் பந்தாச்சே. நான் கொடியைத் தூக்கினா, மாமன் மருமகனுக்குக் கொடுத்தான்னு கவுண்டி பூரா பேசுமே. இதையேதான் நினைச்சுட்டு நின்னேன். பந்தைப் பார்க்கல. கை தானா மேல போயிடுச்சு. அப்புறம் பார்த்தா, கம்பத்துக்கு உள்பக்கமா வந்து, பின்னாடி பந்தைத் தடுக்கக் கட்டின உயர வலையில இறங்குது."

"அப்பவே கையை இறக்கியிருக்கலாமே!"

"இறக்கியிருக்கலாம்" என்றார். "இறக்கல. விசில் ஊதறதுக்குள்ள ஒரு மூச்சு நேரம் இருந்துச்சு. அந்த ஒரு மூச்சும் எனக்குத் தெரிஞ்சேதான் போச்சு."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். என்ன சொன்னேன் என்று எழுதக் கை கூசுகிறது. "வாயை மூடிட்டு இருங்க" என்றேன். "மலக்கி உங்களுக்காக ஊர் முன்னாடி பெத்த பிள்ளையைப் பொய்யன்னு சொல்லியிருக்கான். இப்ப போய் இதைச் சொன்னா அந்த வீட்டு வாசலை நான் எப்படி மிதிப்பேன்? கோப்பை திரும்பி வரப்போகுதா? நடுவர் அறிக்கை போயாச்சு. பையன் நாலு நாள்ல மறந்துடுவான்."

அவர் எழுந்தார். சூப்பை எடுத்துக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார்.

பையன் மறக்கவில்லை. புதன்கிழமை என் அண்ணி அட்ராக்டா போன் செய்தாள். ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் நண்பன் ஒருவன் ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தானாம். இத்தனை நாளும் ஆட்டத்துக்காக மாட்டேன் என்றவன், திங்கட்கிழமையே டிக்கெட் போட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். அப்பாவும் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பிட வாங்க. நீங்க ரெண்டு பேரும் இருந்தா கொஞ்சம் பேச்சாவது வரும்" என்றாள்.

இதைச் சொன்னபோது ஜார்லத் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "நான் சொல்லித்தான் ஆகணும்" என்றார். நான் மறுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அது என் கோழைத்தனம்.

அட்ராக்டா ஹாம், உருளைக்கிழங்கு, ஆப்பிள் டார்ட் எல்லாம் செய்து மேஜையை நிறைத்திருந்தாள். மேஜையின் இந்தக் கோடியில் மலக்கி, அந்தக் கோடியில் கிலியன். ஜார்லத் மேல்கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"மச்சான், சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். கிலியன், நீயும் கேளு. அந்தப் பந்து உள்ளதான் போச்சு. நான்தான் தப்பாக் காட்டினேன்."

அட்ராக்டாவின் கரண்டி தட்டில் விழுந்தது. கிலியன் அசையவில்லை. மலக்கி மெதுவாகச் சிரித்தான்.

"மாப்ளே, நீ நல்ல மனசுக்காரன். பையன் போகாம இருக்கணும்னு சொல்றே. வேணாம். உனக்குப் பொய் வராது. உக்காரு."

"பொய் இல்ல."

"நான் சொல்றேன், உக்காரு. பந்து வெளியே. நானே பார்த்தேன்."

"நீ எதிர் மூலையில நின்னே மச்சான். உனக்கு என் கைதான் தெரிஞ்சிருக்கும், பந்து தெரிஞ்சிருக்காது."

மலக்கி மேஜையில் ஓங்கிக் குத்தினான். தட்டுகள் துள்ளின. "வெளியேன்னு சொல்லுடா! பதினேழு வருஷமா ஒரு கொடி தப்பாத் தூக்கினதில்ல நீ. இந்த ஒண்ணு மட்டும் எப்படித் தப்பும்?"

"உன் பையன் பந்துங்கிறதாலதான் தப்பாப் போச்சு" என்றார் ஜார்லத். "வேற யார் அடிச்சிருந்தாலும் கண்ணைத் தூக்கிப் பார்த்திருப்பேன். இவன் அடிச்சான். ஊர் என்ன பேசுமோன்னு பயந்தேன். பயத்துல கை போயிடுச்சு. உள்ள இறங்கினதைப் பார்த்த அப்புறமும் நான் கையை இறக்கல."

மலக்கியின் முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவன் நம்பிவிட்டான். ஏன் நம்பினான் என்று எனக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. கிலியனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தது. அவன் எழுந்து நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றான். கத்தவில்லை. "ஒருத்தர் ஊருக்குப் பயந்து என்னை பெஞ்சுல உக்கார வெச்சார். ஒருத்தர் ஊருக்குப் பயந்து என் பாயிண்ட்டை வெளிய வீசினார். நான் வேற யாரோ வீட்டுப் பிள்ளையாப் பிறந்திருந்தா ரெண்டு பேருமே எனக்கு நியாயம் செஞ்சிருப்பீங்க."

"கிலியன்..." என்றான் மலக்கி.

"சொன்னதுக்கு நன்றி மாமா. சொல்றது லேசா இருந்திருக்காதுன்னு தெரியுது." அவன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அட்ராக்டா பின்னாலேயே போனாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சாப்பாட்டின் முன்னால் இருந்தோம். ஹாமை யாரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் போய்விட்டான். விமான நிலையத்துக்கு அட்ராக்டாதான் வண்டி ஓட்டினாள். மலக்கி வாசல்வரை வந்து பெட்டியைத் தூக்கி வைத்தானாம். வாயைத் திறக்க முடியவில்லையாம்.

ஞாயிறு காலை ஜார்லத் ஃபின்டன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். ஃபின்டன் வெகுநேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குள் மலக்கியின் கார் எங்கள் வாசலில் நின்றது. "வா மாப்ளே. நீ வீட்டுல சொல்லிட்டே. நான் அவனைப் பொய்யன்னு சொன்னது வீட்டுல இல்ல" என்றான். நானும் ஏறிக்கொண்டேன்.

பூசை முடிந்து ஆண்கள் எல்லோரும் பப்பில் இருந்தார்கள். போன ஞாயிறு நின்ற அதே ஆட்கள், அதே சண்டை. மலக்கி கவுண்டருக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

"போன வாரம் இங்க நின்னு என் பையனைப் பொய்யன்னு சொன்னேன். அவன் சொன்னதுதான் உண்மை. பந்து உள்ள போச்சு. பொய்யன்னு சொன்ன நான்தான் முட்டாள்."

"நான்தான் தப்பாக் காட்டினேன்" என்றார் பக்கத்தில் ஜார்லத். "தெரிஞ்சும் திருத்தல."

டோலன் துள்ளி எழுந்தார். "அப்ப மேட்ச் டிரா! மறு ஆட்டம்! கவுண்டி போர்டுக்கு இன்னைக்கே எழுதறோம்!" அவ்வளவுதான், வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்துவிட்டது. அறிக்கை போனால் போனதுதான் என்றான் ஒருவன். அம்பயர் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றான் இன்னொருவன். ஜார்லத்தை இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவன் சட்டையைப் பிடிக்க வந்தான், நான் நடுவில் போய் நின்றேன். முப்பத்தைந்து வருஷக் கோப்பையைப் பற்றிப் பேசாத வாயில்லை. கிலியன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

மலக்கி அந்தக் கூச்சலைப் பார்த்தபடியே நின்றான். பிறகு பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தினான். பெர்த்தில் அப்போது சாயங்காலம் முடிந்திருக்கும். கிலியன் எடுத்துவிட்டான். "அப்பா?" என்பது எனக்குக்கூடக் கேட்டது. மலக்கியின் தாடை அசைந்தது, சத்தம் வரவில்லை. போனை ஜார்லத் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கிலியன், நான் மாமா பேசறேன். பப்புல இருக்கோம். உங்கப்பா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார், உன் பந்து உள்ளன்னு."

அவன் கேட்டான். "ஊரு என்ன சொல்லுது?"

ஜார்லத் சுற்றிலும் பார்த்தார். டோலன் நாற்காலி மேல் ஏறி நின்று மறு ஆட்டத்துக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தார்.

"ஊரை விடுப்பா" என்றார். "உங்கப்பா அழறார். பேசு."